விவிலியத்தில் ‘கட்டளை’ என்று வரும் இடமெல்லாம் ஒரே எடையோடுதான் பேசுகிறதா?

இல்லை. திருத்தூதர் பவுலடியாரே அதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அவர் எழுதிய மடலான 1 கொரிந்தியரின் 7ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கணவனும் மனைவியும் பிரியக்கூடாது என்பதைத் தம் கட்டளை அன்று, ஆண்டவருடையது என்கிறார் (வசனம் 10). அடுத்த செய்தியை ஆண்டவர் அல்ல, தாமே சொல்வதாகச் சொல்கிறார் (12). மணமாகாதவர்களைப் பற்றி ஆண்டவரின் கட்டளை தம்மிடம் இல்லை, தம் கருத்தையே கூறுவதாக எழுதுகிறார் (25). ஒரே அதிகாரத்திற்குள் இத்தனை கவனம் காட்டிய ஒருவரின் வரிகளை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே எடையில் பிறர் தலைமேல் வைப்பது நியாயமன்று.

இப்படிக் கேட்பவரிடம் யாரோ ஒருவர் “இது கடவுள் கட்டளை” என்று சொல்லி வாயை அடைத்திருப்பார் என்றே நினைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கும் அது நேர்ந்தது.

நாங்கள் பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். என் தங்கை கணவர் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்து ஊர் திரும்பினார், படகு திரும்பவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், எங்கள் ஊரில் பொதுப்பணத்திலிருந்து கஷ்டப்படும் வீடுகளுக்கு அரிசி கொடுப்பது வழக்கம். அதற்கான கூட்டத்தில் பொறுப்பாளர் ஒருவர் விவிலியத்தை விரித்து, உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்று பவுல் எழுதிய 2 தெசலோனிக்கர் 3:10ஐ உரக்க வாசித்து, “இது நான் சொல்வதில்லை, திருத்தூதர் இட்ட கட்டளை” என்று என் தங்கை கணவரின் பெயரை அடித்துவிட்டார். சிறையிலிருந்து வந்தபின் அவர் கடலுக்குப் போகவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட குற்றம். விடிந்ததிலிருந்து கடற்கரைக் கொட்டகையான வாடியில் உட்கார்ந்து, அடுத்தவர் வலையைக் கூலிக்குப் பொத்திக் கொடுத்து, விரல் இடுக்கெல்லாம் நைலான் நூல் அறுத்த தழும்போடு இருந்த மனிதரைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது.

நான் எழுந்து, நிறுத்தாமல் 13ஆம் வசனம் வரை வாசிக்கும்படி கேட்டேன். அவர் வாசிக்கவில்லை, நானே வாசித்தேன். அந்த வசனத்தில் இருப்பது ‘மனமில்லாதவன்’, வழியில்லாதவன் அன்று. 11இல் பவுல் யாரைச் சொல்கிறார் என்பதும் தெளிவாகவே இருக்கிறது: வேலை எதுவும் செய்யாமல் பிறர் காரியத்தில் தலையிட்டுத் திரிபவர்களை. 13இல் நன்மை செய்வதில் மனம் தளரக்கூடாது என்று மற்ற எல்லாருக்கும் சொல்கிறார்.

அந்த அதிகாரத்தில் 4, 6, 10, 12 ஆகிய நான்கு வசனங்களிலும் கட்டளையிடுவதற்குப் பவுல் எழுதும் கிரேக்கச் சொல் ‘பராங்கெல்லோ’. பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் ஆணை அது. ஆனால் 12ஆம் வசனத்தில், அந்தச் சோம்பேறிகளிடம் பேசும்போதுகூட, அதனோடு ‘பராகலேயோ’ என்னும் கெஞ்சிக் கேட்கும் சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார். லூக்கா 8:25இல் இயேசு காற்றுக்கும் நீருக்கும் கட்டளையிடுவதாக வருவது ‘எபிதாசோ’ என்னும் வேறு சொல். பிலமோனுக்கு எழுதிய மடலில் (8, 9) பவுல் அதே சொல்லைத் தொட்டு, அப்படிக் கட்டளையிடத் தமக்குத் துணிவு உண்டென்றாலும் அன்பின் பெயரால் வேண்டிக்கொள்வதாகச் சொல்கிறார். கடலை அதட்டும் அதிகாரத்தைச் சக மனிதனிடம் காட்டத் திருத்தூதரே தயங்கினார் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். (பழைய மொழிபெயர்ப்பில் ‘கற்பனை’ என்று வருவதைக் கண்டு குழம்பவேண்டாம்; அதுவும் கட்டளைதான்.)

நான் குருமடத்தில் படித்தவன் அல்லன். கிரேக்கச் சொற்கள் எங்கள் பங்குத் தேவாலயத்தில் நடந்த விவிலிய வகுப்பில் கற்றவை. கட்டளைகளையே நீர்த்துப்போகச் செய்கிறேன் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அப்படியன்று. பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் (உபாகமம்) 15:11ஐப் பாருங்கள்: நாட்டில் ஏழைகள் இல்லாமல் போகமாட்டார்கள், ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்று ‘நான் கட்டளையிடுகிறேன்’ என்றே அங்கு இருக்கிறது. அதில் தயக்கமும் இல்லை, விலக்கும் இல்லை. அந்தக் கட்டளை அரிசி மூட்டையின் சாவியை வைத்திருப்பவருக்கு இடப்பட்டது. எங்கள் கூட்டத்தில் அதை எவரும் வாசிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பெயர்ப் பட்டியல் பிறகு திருத்தப்பட்டது; அரிசியும் வீடு தேடி வந்தது. மாப்பிள்ளை அதை வாங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் தங்கை இப்போது ஞாயிறு திருப்பலிக்கு அடுத்த ஊருக்குப் போகிறாள். வசனத்தைப் பாதியில் நிறுத்தியவரோ இன்றும் அதே பொறுப்பில் இருக்கிறார். அவரிடம் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.