குட்டிக்கு வந்த 'பாசிட்டிவ்': மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: பெருந்துறை அருகே தோட்டத்தில் நான்கு சேலம் கருப்பு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். பால் விற்பனைக்காக ஒரு பண்ணையில் சானென் கலப்பினப் பெட்டைக் குட்டிகள் ஆறு பேசி, பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். மூன்று மாதக் குட்டிகள். மூட்டு வீக்க நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் இரண்டுக்கு 'பாசிட்டிவ்', நான்குக்கு 'நெகட்டிவ்' என்று வந்தது. "அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, தானாக மறைந்துவிடும்" என்கிறார் பண்ணைக்காரர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கேட்கிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சி.ஏ.இ. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த மூட்டு வீக்க நோயின் வைரஸ் ஆட்டின் உடலில் புகுந்துவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. எலிசா என்ற இந்த ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய புரதத்தைத்தான் தேடுகிறது. வெள்ளாட்டுக் குட்டி அந்தப் புரதத்தோடு பிறப்பதில்லை, சீம்பாலில்தான் பெறுகிறது. சுமார் ஆறு மாதம் வரை அது ரத்தத்தில் தங்கலாம். ஆகவே மூன்று மாதக் குட்டிக்கு 'பாசிட்டிவ்' வந்தால், அது சீம்பாலின் மிச்சமாகவும் இருக்கலாம், உண்மையான தொற்றாகவும் இருக்கலாம். இந்த ஒரு சீட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "தாயிடமிருந்து வந்தது" என்று சொல்லும்போதே, தாய்க்கு இந்த நோய் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். குட்டிக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் பரவுவதே சீம்பாலிலும் பாலிலும்தான். கருவிலேயே தொற்றுவது குறைவு, ஆனால் நடக்கிறது.

எனவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குட்டிகள் எப்படிப் பால் குடித்தன? பிறந்தவுடன் பிரித்து, 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கிய சீம்பாலைக் கொடுத்திருந்தால் வைரஸ் செயலிழந்திருக்கும், எதிர்ப்புப் புரதம் மட்டும் தங்கியிருக்கும். அப்போது அவர் பேச்சில் நியாயம் உண்டு. இதற்கு வெப்பமானியும் பொறுமையும் வேண்டும். சீம்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். திரண்டு கட்டியாகிவிடும், குட்டிக்குப் புகட்ட முடியாது. ஆகவே "சூடு பண்ணித்தான் கொடுத்தோம்" என்ற வாய்வார்த்தை போதாது. எல்லா ஆட்டுப் பாலையும் ஒரே வாளியில் கறந்து, சூடாக்காமல் புகட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நோயுள்ள ஓர் ஆடு போதும், அத்தனை குட்டிகளுக்கும் ஆபத்து.

அந்த நான்கு 'நெகட்டிவ்' குட்டிகளைப் பார்த்தும் நிம்மதி அடைய வேண்டாம். வைரஸ் புகுந்த பின் பரிசோதனையில் தெரியப் பல வாரங்கள், சில ஆடுகளுக்குப் பல மாதங்கள் ஆகும். பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபணுவையே தேடும் என்பதால் உதவும். ஆனால் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் அதற்கும் தப்பிவிடும்.

பண்ணைக்கு நேரில் போய்த் தாய் ஆடுகளைப் பாருங்கள். முன்னங்கால் முட்டியை இரு கைகளாலும் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வீங்கிய முட்டி, முட்டிபோட்டு மேய்கிற ஆடு, ஈன்றும் பால் இறங்காமல் கல்லாக இறுகிய மடி, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆடும் நோயைச் சுமக்கலாம் என்பதால், தாய்களுக்கும் பரிசோதனை கேளுங்கள். எங்கே செய்யலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள்.

மீதிப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். குட்டிகள் அவர் பண்ணையிலேயே தனியாக வளரட்டும். ஆறு மாதம் தாண்டியதும் ஒரு முறை, சில மாதம் கழித்து இன்னொரு முறை பரிசோதனை. தேறினால் மீதி, தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று காதுத்தோடு எண்ணோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்குபவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது; வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ரசீதையும் பரிசோதனைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

எப்படி முடிந்தாலும், இந்தக் குட்டிகளை உங்கள் நான்கு கருப்பு ஆடுகள் நிற்கும் பட்டியில் இப்போது அடைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு எந்தப் பரிசோதனையும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. அவற்றுக்கும் இப்போதே ஒரு முறை ரத்தம் எடுத்துவிடுங்கள்.