ஒன்றரை அங்குலத் தவளைக் குட்டிக்கு என்ன தீனி, எவ்வளவு கொடுக்கலாம்?

சென்னை கொளத்தூரில் வாங்கிய பேக்மேன் (தென் அமெரிக்கக் கொம்புத் தவளை) குட்டிக்குப் பச்சைக் கோழிக்கறியைப் பொடியாக நறுக்கிப் போடச் சொன்னார்கள், அதுவும் சாப்பிடுகிறது, இப்படியே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் அநேகமாக இல்லை. வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். முதலில் விரல்கள் துடிக்கும், பிறகு தாடை ரப்பர் மாதிரி வளையும். அந்தக் கட்டத்தில் இரையைக் கவ்வவே முடியாது.

உயிருள்ள பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. இரையின் நீளம், குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் குட்டிக்கு அது ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வரும். பேக்மேன் எதைக் கண்டாலும் விழுங்கப் பார்க்கும், தன் உடம்பில் பாதி இருப்பதைக்கூட. அதனால் அளவு பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. பெரிய இரை குடலில் சிக்கிக்கொள்ளும், சில சமயம் ஆசனவாய் வெளியே தள்ளிவிடும்.

கடையில் குட்டி கிரிக்கெட் (சுவர்க்கோழிப் பூச்சி) அல்லது தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான் குஞ்சு கேளுங்கள். நாளுக்கு மூன்று முதல் ஐந்து, இருட்டிய பிறகு. இரண்டு அங்குலம் ஆனதும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மண்புழுவைத் துண்டாக்கிக் கொடுக்கலாம், மிக நல்ல தீனி. ஆனால் உரக்குழியில் வளரும் சிவப்புப் புழு கசப்பான நீரை விடும், பல தவளைகள் துப்பிவிடும். மீல்வார்ம் (மாவுப்புழு) தோல் கெட்டி, இந்த வயதுக்கு ஆகாது. வீட்டுக் கரப்பான், விளக்கடியில் விழும் ஈசல் இரண்டும் வேண்டவே வேண்டாம். எந்த வீட்டில் மருந்து தின்றது, எந்தத் தெருவில் கொசுப்புகை பட்டது என்று யாருக்குத் தெரியும்?

பூச்சியைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் அதற்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் போடுங்கள். பூச்சி தின்றதுதான் தவளைக்கும் போய்ச் சேரும். பிறகு ஒரு பாலிதீன் பையில் பூச்சியோடு ஒரு சிட்டிகை கால்சியம் பொடி போட்டுக் குலுக்குங்கள், மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு தெரிந்தால் சரி. வாரம் இரண்டு நாள் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி, ஒருநாள் மல்டிவைட்டமின், மற்ற நாட்களில் வெறும் கால்சியம். பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டை மாவாகச் சுரண்டினால் வெறும் கால்சியத்துக்கு அதுவே போதும், டி3-க்கு மட்டும் தனிப் பொடி வாங்கியாக வேண்டும். மல்டிவைட்டமின் டப்பாவில் ரெட்டினால் (நேரடி வைட்டமின் ஏ) இருக்கிறதா என்று பாருங்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைத் தவளை சரியாக வைட்டமின் ஏ-வாக மாற்றாது. அது குறைந்தால் நாக்கின் ஒட்டும் தன்மை போய்விடும். பாய்ந்து பாய்ந்து இரையைத் தவறவிடுகிற குட்டிக்கு இந்தக் குறை இருக்கலாம்.

மெத்தென்ற ரப்பர் முனை இடுக்கியால் இரையைக் கண்ணுக்கு முன் ஆட்டிக் காட்டுங்கள். இரும்பு இடுக்கியைக் கடித்தால் வாயில் காயம் படலாம். கூழாங்கல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இரையோடு சேர்த்துக் கல்லையும் விழுங்கும். ஈரத் தேங்காய்நார்த் தூள் அல்லது ஈர டிஷ்யூ நல்லது. கால்மணி நேரத்தில் தின்னாத கிரிக்கெட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் அது தவளையின் தோலைக் கடிக்கும்.

சென்னையில் பெரிய சிக்கல் வெயில். 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் செரிக்கும். கத்திரி வெயிலில் பெட்டி 30-ஐத் தாண்டினால் தவளைக்குச் சூடு தாங்காது, தின்றதைக் கக்கிவிடலாம். அந்த நாட்களில் பெட்டியைத் தரையில், வெயில் படாத அறையில் வைத்து, சூடு தணிந்த பிறகே கொடுங்கள். மிகச் சூடான நாளில் பட்டினி போட்டாலும் தவறில்லை.

தண்ணீர்ப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், தவளை தோலால்தான் குடிக்கிறது. மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் விட்டு ஊற்றுங்கள். அதே காரணத்தால் அந்த அறையில் கொசுவர்த்தியும் திரவக் கொசுவிரட்டியும் கூடாது, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். கையில் சோப்பு, சானிடைசர் மிச்சம் இருக்கும்போது தொடாதீர்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி உங்களுக்குத் தொற்றலாம்.

இரண்டு மூன்று நாளாகக் கழிவு வரவில்லை, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது என்றால் குளோரின் நீக்கிய, அறைச் சூட்டிலுள்ள தண்ணீரில் தாடையளவு ஆழத்தில் 20 நிமிடம் உட்கார வையுங்கள், தீனி நிறுத்துங்கள். தாடை தொங்கினாலோ, விரல் துடித்தாலோ, பின்பக்கம் சிவப்பாகத் துருத்தினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஈர டிஷ்யூ விரித்த டப்பாவின் மூடியில் துளை போட்டு, நிழலில்.