லட்டை எடுத்தது பூனையா?

வணக்கம். என் மகனுக்கு நாலே கால் வயது. வாயோரம் லட்டுத் தூள் ஒட்டியிருக்க, ‘நான் எடுக்கல, பூனை எடுத்துச்சு’ என்று சாதிக்கிறான். இப்போதே இரண்டு போட்டால்தான் அடங்குவான் என்கிறார் மாமியார். ‘புலி வருது’ கதை சொல்லிப் பார்த்தேன். ரசித்துக் கேட்டான், மறுநாளும் பூனைதான். எங்கே தவறினோம்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கும் தவறவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிந்த பிள்ளைதான் பொய் சொல்ல முடியும். மூன்று வயதில் அது பெரும்பாலும் புரிவதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிஸ்கட் டப்பாவில் அவனுக்குத் தெரியாமல் ஊசி நூலைப் போட்டு, உள்ளே என்ன என்று கேளுங்கள். ‘பிஸ்கட்’ என்பான். திறந்து காட்டி, மறுபடி மூடிவிட்டு, ‘தாத்தா இன்னும் திறந்து பார்க்கல. உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பாரு?’ என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை ‘நூல்’ என்றே சொல்லும். தானும் முதலில் பிஸ்கட் என்று நினைத்ததைக்கூட ஒப்புக்கொள்ளாது. நாலு, நாலரையில்தான் ‘பிஸ்கட்’ என்று சிரிக்கும். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் சாக்லேட்டை இடம் மாற்றி வைத்து நடத்திய சோதனையின் வழிவந்தது இது. சில மாதம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம்.

பொய் சொல்லத் தெரிந்த வயதில் அதைக் காப்பாற்றத் தெரியாது. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். ‘பார்க்கவே இல்ல’ என்று சொன்ன சின்னப் பிள்ளைகளில் பலர், அடுத்த கேள்வியிலேயே பொம்மையின் பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பூனையும் அந்த ரகம்தான்.

அடித்தால்? மேற்கு ஆப்பிரிக்காவில் அடி வழக்கத்தில் இருந்த பள்ளியையும் இல்லாத பள்ளியையும் இவர்களே ஒப்பிட்டு 2011-இல் எழுதினார்கள். அடி வாங்கும் பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள். அதையும் மாட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

புலிக் கதையும் உதவாது. புலிக்குப் பதில் ஓநாய் வரும் அதே கதையை ஓர் ஆய்வில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தபோது பொய் குறையவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், சிறுவனாக இருந்தபோது மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கும் கதைக்குத்தான் குறைந்தது. (அது கட்டுக்கதை என்பது தனி வேடிக்கை.) பாராட்டை எடுத்துவிட்டு முடிவை மாற்றிச் சொன்னதும் பலன் போய்விட்டது.

ஆகவே, ‘நீயா எடுத்தே?’ என்று கேட்காதீர்கள். விடை தெரிந்துகொண்டே கேட்டால், பொய் சொல்ல நாமே வழி விடுகிறோம். ‘லட்டு எடுத்திருக்கே. கை கழுவிட்டு வா, டப்பாவை மூடி வைக்கலாம்’ என்றால் போதும். ‘நிஜத்தைச் சொன்னா திட்டமாட்டேன்’ என்று சொல்லிவிட்டால், மாலையில் அவன் அப்பா திட்டுவதும் வாக்குத் தவறுவதுதான்.

ஒன்றை மட்டும் வேறாகப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எதையோ மறைத்தால், ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பினால், ‘யாராவது அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்களா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள்.