"புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, கணக்க குடுங்க

கேள்வி: அக்கா, நான் ஒரு தனியார் காலேஜ்ல ஆன்லைன் பி.காம். பசங்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்குறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு லைவ் கிளாஸ். லிஸ்ட்ல அறுபது பேர் இருக்காங்க, ஒருத்தர் கேமராவும் ஆன்ல இருக்காது. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா ரெண்டு பேர் "எஸ் மேம்"னு டைப் பண்றாங்க, அவ்ளோதான். ஒரு மணி நேர ரெக்கார்டிங்க யாரும் பாக்குறதில்ல, அசைன்மென்ட் பூரா சாட்ஜிபிடி எழுதுனது. சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு. என்ன பண்றது?
– உதவிப் பேராசிரியை ஒருத்தர், திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த "புரிஞ்சுதா"வ விட்டுடுங்க. அறுபது பேர் பாக்குற சாட்ல "புரியல மேம்"னு போட எந்தப் புள்ளைக்கு மனசு வரும்? அதுவும் போக, புரிஞ்சுதா இல்லையாங்கிறது அவங்களுக்கே தெரியாது, கணக்க கையில எடுத்து போட்டுப் பாத்தாதான் தெரியும். அதனால நீங்க பேசுற நேரத்த பாதியா குறைச்சு அவங்க கைக்கு வேல குடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

உங்க பாடத்துலேயே சொல்றேன். பிரேக் ஈவன் நடத்துறீங்கன்னு வைங்க. ஒரு பொருளோட விலை 50 ரூபா, வேரியபிள் காஸ்ட், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஆகுற செலவு 30 ரூபா, மாசத்துக்கு ஃபிக்ஸட் காஸ்ட், அதாவது வித்தாலும் விக்காட்டாலும் ஆகுற செலவு 60,000 ரூபா, எத்தனை வித்தா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல? 1200, 2000, 3000ன்னு மூணு விடை குடுங்க. எல்லாரும் சாட்ல டைப் பண்ணி வைங்க, ஆனா நான் சொல்ற வரைக்கும் யாரும் அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டு, ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு "இப்போ அனுப்புங்க"ன்னு சொல்லுங்க. எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழும், யாரும் யாரையும் பாத்து எழுத முடியாது, தப்பா போட்டவங்களும் தனியா தெரிய மாட்டாங்க. 1200ன்னு வந்தா அந்தப் புள்ள வேரியபிள் காஸ்ட்டையே மறந்து 50ஆல வகுத்திருக்குன்னு அர்த்தம். 2000ன்னு வந்தா 30ஆல வகுத்திருக்கு, அதாவது 50ல 30 போக மிச்சமிருக்கிற 20 ரூபாதான் கான்ட்ரிப்யூஷன், அதால வகுத்தாதான் சரியான விடை 3000 வரும்ங்கிறது இன்னும் மனசுல ஒட்டல. பாருங்க, யார் எங்க தடுக்கி நிக்கிறாங்கன்னு ஒரே கேள்வியில தெரிஞ்சுபோச்சு, கேமராவே வேண்டாம்.

விடை கலந்து வந்தா உடனே சரியான விடைய சொல்லிடாதீங்கம்மா. ஆன்லைன் கிளாஸ சின்னச் சின்ன குழுவா பிரிக்கிற பிரேக்அவுட் ரூம்ல மூணு மூணு பேரா விட்டு, உன் விடை ஏன் சரின்னு மத்தவங்களுக்கு சொல்லுன்னு சொல்லி மூணு நிமிஷம் குடுத்துட்டு, திரும்பக் கூப்பிட்டு அதே கேள்விய கேளுங்க. ஹார்வர்டுல எரிக் மசூர்ங்கிற இயற்பியல் பேராசிரியர் 1991ல பெரிய வகுப்புல இந்த மாதிரிதான் நடத்த ஆரம்பிச்சார். நேத்துதான் புரிஞ்சுகிட்ட ஒரு பையன் இன்னொருத்தனுக்கு சொல்ற மாதிரி நம்மளால சொல்ல முடியாது, நமக்கு அது எங்க கஷ்டமா இருந்துச்சுங்கிறதே மறந்துபோயிருக்கும்.

கேட்டுட்டு காத்திருக்கணும், அதுதான் ரொம்ப கஷ்டம். வகுப்புல டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு அளவுக்குத்தான் காத்திருக்காங்க, அத மூணு செகண்டுக்கு மேல கூட்டினாலே பசங்க பதில் நீளமாகுது, பேசுறவங்க எண்ணிக்கையும் கூடுதுன்னு அமெரிக்காவுல மேரி பட் ரோங்கிறவங்க 1970கள்லயே காட்டிட்டாங்க. அது நேர் வகுப்புக்கு. வேல முடிஞ்சு பஸ்ஸுல உக்காந்து ஃபோன்ல டைப் பண்ற புள்ளைக்கு ஒரு முழு நிமிஷமாவது வேணும். அந்த நிமிஷம் அமைதியா இருக்கும், இருக்கட்டும், நீங்க பேசி ரொப்பாதீங்க.

கேமராவ பத்தி ரொம்ப மனசு வருத்தப்படாதீங்க. கார்னெல் பல்கலைக்கழகத்துல கேமராவ ஏன் ஆன் பண்ணலன்னு மாணவர்கள்ட்டயே கேட்டு 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, முதல் காரணமா வந்தது தன் தோற்றத்தப் பத்தின கூச்சம், கூடவே பின்னாடி இருக்கிற ஆளுங்களும் வீடும் தெரியுமேங்கிற கவலை, நெட் மெதுவா இருக்கிறது. ஒரே ரூம்ல நாலு பேரோட இருக்கிற நம்ம புள்ளைக்கு அது இன்னும் அதிகமாத்தானே இருக்கும்? கட்டாயப்படுத்த வேண்டாம்.

ரெக்கார்டிங் விஷயம். எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் படிப்புத் தளத்தோட கோர்ஸ்கள்ல சுமார் 69 லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகள அலசி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் பாதிக்குப் பாதி தடவை ஆறு நிமிஷத்த தாண்டலன்னு அதுல தெரிஞ்சுது. ஸ்லைடு மட்டும் ஓடுறத விட, கையால எழுதிக்கிட்டே சொல்ற வீடியோவ கூடுதல் நேரம் பாத்தாங்க. உங்களுக்கு இது வசதிதான், ஒரு கணக்கு ஒரு வீடியோ, பேப்பர்ல எழுதுறத மேலேர்ந்து ஃபோன்ல எடுத்தா போதும். ஒவ்வொண்ணுக்கு அப்புறமும் ரெண்டு கேள்வி வைங்க, ஏன்னா திரும்பத் திரும்பப் படிக்கிறத விட தன்னையே சோதிச்சுப் பாக்குறது ஒரு வாரம் கழிச்சும் நினைவுல நிக்குதுன்னு ரோடிகர், கார்பிக்கி ரெண்டு பேரும் 2006லயே காட்டியிருக்காங்க.

அசைன்மென்ட்டுக்கு வருவோம். "மார்ஜினல் காஸ்டிங்கின் பயன்களை விளக்குக"ன்னு கேட்டா சாட்ஜிபிடிதான் எழுதும், அதுல பசங்க மேல மட்டும் கோவப்பட்டு பிரயோஜனமில்ல. உங்க புள்ளைங்கள்ல முக்காவாசி பேர் எங்கயாவது வேல பாக்குறவங்களாத்தான் இருப்பாங்க, ஒருத்தர் பனியன் கம்பெனி, ஒருத்தர் மெடிக்கல் ஷாப், ஒருத்தர் அப்பாவோட ஹோட்டல். அவங்கவங்க இடத்துல வாடகை, கரண்டு, சம்பளம், சரக்கு எவ்ளோன்னு தோராயமா விசாரிச்சு, எது ஃபிக்ஸட் எது வேரியபிள்னு பிரிச்சு, ஒரு நாளைக்கு எவ்ளோ வித்தா முதலுக்கு மோசமில்லன்னு கணக்கு போட சொல்லுங்க. கையால போட்ட கணக்கோட ஃபோட்டோவும், தமிழ்லயே ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டும் அனுப்பணும். கரண்ட் பில்லுல எவ்ளோ ஃபிக்ஸட்னு குழம்பி நின்னா அதுவும் நல்லதுதான், கிளாஸ்ல பேச விஷயம் கிடைச்சுது. ஏமாத்துறவங்க அப்பவும் ஏமாத்துவாங்க, அதனால அசைன்மென்ட்டுக்கு மார்க் கொஞ்சமா வைங்க. ஐஐடிகள் சேர்ந்து நடத்துற ஆன்லைன் படிப்புத் திட்டமான என்பிடெல்லயே வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, சென்டருக்கு நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75ன்னுதான் பொதுவா வச்சிருக்காங்க.

அறுபது வாய்ஸ் நோட்டுக்கும் தனித்தனியா பதில் எழுத உங்களால முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. வாரத்துக்கு பதினஞ்சு பேருன்னு சுத்தி விடுங்க, கேட்டுட்டு பொதுவா வர்ற ரெண்டு மூணு தப்ப எடுத்து, யாரோடதுன்னு சொல்லாம, அடுத்த கிளாஸ அதுலேர்ந்தே ஆரம்பிங்க. நல்லா பண்ணவங்க பேர மட்டும் சத்தமா சொல்லுங்க.

முதல் ரெண்டு வாரத்துல காணாம போறவங்கள விட்டுடாதீங்கம்மா. "அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்"னு குரூப்ல போடாம, தனியா "ரெண்டு கிளாஸா காணோமே, ஷிஃப்ட் மாறிடுச்சா?"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. இதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், நைட் ஷிஃப்ட்டுக்கு மாறி, எப்படி சொல்றதுன்னு தெரியாம நின்ன புள்ள திரும்பி வரும்.

நிர்வாகம் ஒரு மணி நேர வீடியோதான் வேணும்னு கேட்டா, சின்னச் சின்ன வீடியோவ வரிசையா போட்டு மொத்த நேரத்த கூட்டிக் காட்டுங்க, அதுக்கு பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.