ஒன்றரை நிமிட ஜரதுஷ்ட்ரா

அன்புள்ள ஐயா,

‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத் தொடக்கத்தில் வருகிற ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஜரதுஷ்ட்ரா’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசையை முழுதாகக் கேட்க ஆசைப்பட்டு, கராயன் என்ற இசை நடத்துநரின் பதிவைப் பிடித்தேன். முதல் ஒன்றரை நிமிடம் புல்லரித்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் எங்கெங்கோ அலைகிறது. அந்த மெட்டு திரும்பி வரவேயில்லை. இதற்கு பிரேசில் இசைக்கலைஞர் டியோடாட்டோவின் ஃபங்க் (துள்ளல் தாள) வடிவமே தேவலை. கோளாறு என் காதிலா?

ர., கரூர்

அன்புள்ள ர.,

காதில் ஒன்றுமில்லை. ஆனால் மெட்டு திரும்பி வருகிறது.

முதலில் ஒரு சில்லறை விஷயம். கராயன் இதை ஒரு முறைக்கு மேல் பதிவுசெய்திருக்கிறார். படத்தில் ஒலிப்பது 1959இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்தது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. படத்தின் இசைத்தட்டிலோ இன்னொரு நடத்துநரான கார்ல் போமின் பெர்லின் பதிவைப் போட்டுவிட்டார்கள். தட்டு வாங்கியவர்கள் வீட்டில் கேட்டது தியேட்டரில் கேட்டதை அல்ல!

அந்தத் தொடக்கம் நம் கணக்கில் ச, ப, மேல் ச. அவ்வளவுதான். வித்தை காந்தாரத்தில் இருக்கிறது. முதல் முறை அந்தர காந்தாரம் சட்டென்று அரைச் சுரம் இறங்கி, ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரமாக இருள்கிறது. அடுத்த முறை இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறது. நடுவில் டிம்பனி என்ற பெரிய முரசு.

டியோடாட்டோ 1973இல் அந்த முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எலெக்ட்ரிக் பியானோவை வைத்து ஒன்பது நிமிடம் ஊஞ்சலாடினார். நல்ல ஆட்டம், எனக்கும் பிடிக்கும். ராக் பாடகர் எல்விஸ் மேடையேறவும் இதுவே முழங்கியது. எல்லாருக்கும் வாசல் போதுமாக இருந்தது, யாரும் வீட்டுக்குள் போகவில்லை.

உள்ளே போய்ப் பாருங்கள். பாதி தாண்டுவதற்குள் ‘அறிவியல் பற்றி’ என்றொரு பகுதி வரும். செல்லோவும் டபுள் பாஸும் அடித்தொண்டையில் அதே ச-ப-ச வைத் தொடங்கி, பன்னிரண்டு சுரங்களையும் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு ஃபியூகாக, அதாவது ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு, ஊர்கின்றன. வானத்தைப் பிளந்த மெட்டு, பாடம் ஒப்பிக்கும் பையனாகிவிடுகிறது. ஸ்ட்ராஸின் குறும்பு இது. எனக்குப் பிடிபடவே மூன்று நான்கு தடவை ஆயிற்று. பிறகு மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அதே மூன்று சுரங்களை இடிபோல் இறக்கிவிட்டு மௌனமாகிவிடும். பதிவு நின்றுவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள்.

கடைசி நிமிடத்தை ஹெட்ஃபோனில், வெளிச்சத்தம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். மேலே புல்லாங்குழல்கள் ஷட்ஜத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ள காகலி நிஷாதத்தை ஆதாரமாகக்கொண்ட ஒரு கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில்) இனிமையாக நிற்கும். கீழே டபுள் பாஸ்கள் விரலால் மெல்லச் சுண்டுவது பழைய ஷட்ஜத்தை.

அன்புடன்,
க.