கேட்க மறந்த குற்றம்

கே: சென்ற இதழில் உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸை 'இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேரைக் கடித்தவன், கையால் பந்தைத் தட்டி கானாவை ஏமாற்றியவன் எல்லாம் உங்களுக்குப் பெரிய ஆளா? பள்ளிக்கூடப் பையன்களும் படிக்கிற பத்திரிகையில் இவனைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவீர்களா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி)

ப: கால்பந்தைப் பற்றிக் கேட்பதற்குக்கூடப் பெயரை மறைக்க வேண்டுமா? சரி, விடுங்கள்.

'முன்மாதிரி' என்ற சொல் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. நாங்கள் எழுதியது 'ஸ்ட்ரைக்கர்' என்று. கோல் போடுவது அவர் வேலை, அதற்குக் கணக்கு இருக்கிறது. 2013-14இல் லிவர்பூலுக்காக 33 லீக் ஆட்டங்களில் 31 கோல். அதில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. 2015-16இல் பார்சிலோனாவுக்காக லீக்கில் மட்டும் 40. அதற்கு முந்தைய ஆறு சீசனும் ஸ்பெயினில் அதிக கோல் போட்டவர் பட்டத்தை மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து பிடுங்கியவர் இவர். சொந்த நாட்டுக்காக 69 கோல். உருகுவேயில் அவ்வளவு போட்டவர் வேறு யாரும் இல்லை.

இனி உங்கள் குற்றப்பத்திரிகைக்கு வருவோம். கையிலிருந்தே தொடங்கலாம்.

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பைக் காலிறுதி. 1-1. கூடுதல் நேரமும் தீர்ந்து கடைசி விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கானாவின் ஃப்ரீ கிக் உள்ளே வருகிறது. அப்பியா அடித்த பந்தைக் கோல் கோட்டில் நின்ற சுவாரெஸ் காலால் தடுத்துவிட்டார். அதில் தப்பே இல்லை. திரும்பிய பந்தை அடியா தலையால் முட்டினார். இந்த முறை கால் எட்டாது. இரண்டு கையாலும் தட்டிவிட்டார். பக்கத்தில் நின்ற சக உருகுவே வீரர் ஃபுசீலேயும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். பந்து அவரிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பு அட்டை. சட்டையை முகத்துக்கு ஏற்றிக்கொண்டு அழுதபடி நடந்தவர், வீரர்கள் உள்ளே போகும் வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறார். கானாவின் ஜியான் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் பட்டுப் பறக்கிறது. அழுகை அப்படியே துள்ளலாக மாறியது. அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. அந்தத் துள்ளலைத்தான் கானா மன்னிக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து எந்த அணியும் அதுவரை அரையிறுதிக்குப் போனதில்லை என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.

ஆனால் 'ஏமாற்றியவன்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நடுவர் கண்ணில் மண்ணைத் தூவினால் அது ஏமாற்று. 1986இல் மரடோனா கையால் போட்ட கோல் அந்த ரகம். நடுவர் பார்க்கவில்லை, கோல் நின்றது, தண்டனை கிடையாது. அதற்குக் 'கடவுளின் கை' என்று பெயர் சூட்டி இன்றைக்கும் சிலாகிக்கிறோம். சுவாரெஸ் செய்தது எல்லோர் கண் முன்னாலும். விதி என்ன விலை சொன்னதோ அத்தனையும் கட்டினார்: சிவப்பு அட்டை, பெனால்டி, அடுத்த ஆட்டத்தில் தடை. அவர் இல்லாத அரையிறுதியில் உருகுவே நெதர்லாந்திடம் 3-2 என்று தோற்றது. உங்களுக்குக் கோபம் வர வேண்டியது அந்த விதியின் மேல். உள்ளே போகவேண்டிய பந்தைக் கையால் தடுத்தால் ரக்பியில் செய்வதுபோல் புள்ளியையே கொடுத்துவிடலாமே? கால்பந்தில் பெனால்டி மட்டும்தான். லாப நஷ்டக் கணக்குப் போடத் தெரிந்த எந்த ஆட்டக்காரனும் அந்த விநாடியில் கையைத்தான் நீட்டுவான்.

2022இல் கத்தாரில் மறுபடியும் கானாவோடு ஆட்டம். மன்னிப்புக் கேட்பீர்களா என்று முந்தைய நாள் கேட்டதற்கு, பெனால்டியைத் தவறவிட்டது நான் இல்லையே என்கிற தோரணையில் பதில் சொன்னார். உருகுவே 2-0 என்று ஜெயித்தது. ஆனால் இன்னொரு ஆட்டத்தில் தென் கொரியா போர்ச்சுகலைத் தோற்கடித்ததால் உருகுவேயும் வெளியே, கானாவும் வெளியே. பெஞ்சில் உட்கார்ந்து மீண்டும் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதார். தாங்களும் வெளியேறிய கானா ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பன்னிரண்டு வருஷக் கணக்கு.

கடிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 2010இல் பக்கால், 2013இல் இவானோவிச், 2014 உலகக் கோப்பையில் கியெல்லினி. மே மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை, ஜூன் 19ஆம் தேதி இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், 24ஆம் தேதி இந்தக் கடி. ஐந்து நாளில் நாயகனும் அவரே, கோமாளியும் அவரே. கடித்துவிட்டு, தனக்குத்தான் அடிபட்டதுபோல் பல்லைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாரே, அந்த நடிப்பு கடியைவிட அருவருப்பு. ஆறு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். ஒன்பது சர்வதேச ஆட்டங்கள், நான்கு மாதம் கால்பந்துப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று தடை. ரியோவில் அவர் வாயைத் திறந்து நிற்கும் விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் அந்த வாயில் தலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கோபப்பட்ட உலகம்தான் அதுவும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பல் இருக்கிறது, கை இருக்கிறது. பத்ரிஸ் எவ்ரா இல்லை.

2011 அக்டோபர், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட். மான்செஸ்டர் யுனைடெட்டின் கறுப்பின வீரர் எவ்ராவோடு நடந்த வாய்த்தகராறில் சுவாரெஸ் 'நெக்ரோ' (ஸ்பானிஷில் 'கறுப்பன்') என்ற சொல்லை ஏழு முறை சொன்னதாக இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழு முடிவுசெய்தது. எட்டு ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம். உருகுவேயில் நண்பர்களுக்குள் சாதாரணமாகப் புழங்கும் சொல் அது என்பது அவர் வாதம். புழங்கத்தான் செய்கிறது; 1950இல் உலகக் கோப்பை வென்ற உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவுக்கே 'கறுப்புத் தலைவன்' என்றுதான் செல்லப்பெயர். ஆனால் செல்லமாகக் கூப்பிடும் குரல் வேறு, சண்டையில் முகத்துக்கு முகம் நின்று வீசும் குரல் வேறு. இதைப் புரிந்துகொள்ள நமக்கு 115 பக்க விசாரணை அறிக்கை தேவையில்லை. எந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்து எப்போது சொன்னால் என்ன அர்த்தம் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

தீர்ப்பு வந்த மறுநாள் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு மைதானத்துக்கு வந்தார்கள். எவ்ராவுக்காக எந்த டீ-ஷர்ட்டும் இல்லை. அவர்களில் ஒருவரான ஜேமி காரகர் எட்டு வருஷம் கழித்து, டிவி நிகழ்ச்சியில் எவ்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். என் கணக்கில் சுவாரெஸின் ஆகப் பெரிய குற்றம் இதுதான். கடிக்குக் கேலிச்சித்திரம் போடலாம், இதற்குப் போட முடியாது. அதனாலோ என்னவோ பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 2025இல், 38 வயதில், இறுதிப் போட்டியில் தோற்ற ஆத்திரத்தில் எதிரணி ஊழியர் மேல் துப்பித் தடை வாங்கியதையும் விட்டுவிட்டீர்கள். அது சின்ன விஷயம்தான், இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஆட்டத்தை ஏன் எழுதுகிறோம்? சால்ட்டோவில் பிறந்து, ஏழு வயதில் மொண்டெவிடியோ வந்த ஏழைக் குடும்பத்துப் பையன். காதலி சோஃபியாவின் குடும்பம் பார்சிலோனாவுக்குக் குடிபெயர, அவளுக்கு அருகில் போக வேண்டும் என்பதற்காகவே ஐரோப்பாவைக் குறிவைத்தவர். 2006இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் கிளப்பின் ஆட்கள் உருகுவே வந்தது வேறொரு வீரரைப் பார்க்க; திரும்பும்போது கொண்டுபோனது இவரை. ஆட்டத்திலும் அந்தப் பசிதான். மூன்று தடுப்பாளர்கள் நடுவே ஓடுவார். பந்து ஒருவர் முழங்காலில் பட்டு, இன்னொருவர் கணுக்காலில் பட்டு, எப்படியோ அவர் காலுக்கே திரும்பி வரும். அதிர்ஷ்டம் என்று சொல்வோம். வாராவாரம் வந்தால் அதற்கு வேறு பெயர்.

2020இல் பார்சிலோனாவின் புதிய பயிற்சியாளர் கூமன் ஒரு நிமிஷத் தொலைபேசி அழைப்பில் 'நீ வேண்டாம்' என்றுவிட்டார். 198 கோல் போட்டவரை அனுப்பிய விதம் அது. அத்லெத்திகோ மாட்ரிட் சேர்த்துக்கொண்டது. அந்த சீசன் லீக்கில் 21 கோல் போட்டார். கடைசி நாள் வயாதோலிதில் வெற்றி கோலும் அவருடையது, லீக் பட்டமும் அதோடு வந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆளில்லாத ஸ்டேடியத்தில் புல்தரையில் உட்கார்ந்து, கைபேசியில் குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்து விம்மிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடப் பையன்களைக் கேட்டீர்கள். 2013 டிசம்பரில் நார்விச்சுக்கு எதிராக அவர் அடித்த நான்கு கோல்களை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதலாவது சுமார் 40 கஜத்திலிருந்து வந்தது. பார்த்து முடித்ததும் எவ்ராவுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். பையன்கள் இரண்டையும் தாங்குவார்கள்.