டையில் வெட்டும்போது பிளாஸ்டிக் ஷீட் ஏன் விரிசல் விடுகிறது?

கேள்வி: அட்டைப் பெட்டிகளுக்கு டை பஞ்சிங் (வேண்டிய வடிவில் பிளேடு பதித்த டையை அழுத்தி வெட்டுவது) செய்யும் மெஷினில் 1 மி.மீ. பாலிஸ்டைரீன் ஷீட் வெட்டிப் பார்த்தேன். விளிம்பில் விரிசல் விடுகிறது, நூல் நூலாகப் பிசிறும் வருகிறது. அடுத்து 3 மி.மீ. அக்ரிலிக் வேலையும் வந்திருக்கிறது. பெரிய பிரஸ் வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள், முதலில் ஷீட்டைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் அது சாதாரண பாலிஸ்டைரீனாக இருக்கலாம். அது நொறுங்கும் ரகம், எந்த பிரஸ்ஸில் வைத்தாலும் தகராறுதான். ரப்பர் கலந்த ஹிப்ஸ் ரகம் டைக்கு நன்றாக ஒத்துழைக்கும். கஸ்டமர் ஒப்புக்கொண்டால் ரகத்தை மாற்றுவதே மலிவான தீர்வு.

அடுத்தது பிளேடு. அட்டை அமுங்கிக்கொடுக்கும், கெட்டி பிளாஸ்டிக் கொடுக்காது. பிளேடு ஆப்பு போல இறங்கிப் பக்கவாட்டில் தள்ளுவதால்தான் விரிசல். அதனால் முனைச் சரிவு நீளமாக, கூர்மையாக இருக்கும் பிளேடு கேளுங்கள். சரிவு ஒரு பக்கம் மட்டும் உள்ள பிளேடு என்றால், அந்தச் சரிவு கழிவுப் பக்கம் இருக்க வேண்டும்; பீஸின் விளிம்பு நேராக வரும். எது பீஸ், எது கழிவு என்று டை செய்பவரிடம் வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. 0.71 மி.மீ. பிளேடு சுத்தமாக வெட்டும், ஆனால் தடித்த ஷீட்டில் வளைந்துவிடும். அங்கே 1.05 மி.மீ. பிளேடுதான் நிற்கும்.

நூல் பிசிறு பெரும்பாலும் மழுங்கிய முனையின் வேலை. ஓரிடத்தில் வெட்டு விழவில்லை என்று மொத்த அழுத்தத்தையும் கூட்டினால், மற்ற இடங்களில் முனை இரும்புத் தட்டில் மோதி நசுங்கும். வெட்டு விழாத இடத்துக்கு மட்டும் டையின் பின்னால் மெல்லிய டேப் ஒட்டி உயர்த்துங்கள். ஷீட்டைக் கொஞ்சம் சூடாக்கினாலும் விரிசல் குறையும். ஆனால் ஆறியதும் சுருங்கும் என்பதால், அளவு முக்கியமான வேலையில் முதல் சில பீஸ்களை ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

சரி, பிரஸ்? ஒரு பக்கம் கீல் வைத்து, வாய் போலத் திறந்து மூடும் பிளாட்டன் பிரஸ்ஸில் தடித்த ஷீட் வைத்தால் கீல் பக்கம் முதலில் கடிக்கும். மேல் தட்டு நேராக இறங்கும் பிரஸ்தான் இதற்கு ஏற்றது. எத்தனை டன் வேண்டும் என்பதற்கு, வெட்டும் நீளம், தடிமன், பொருளின் வெட்டு வலிமை மூன்றையும் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு அந்த வலிமை சதுர மி.மீ.க்கு சுமார் 70 நியூட்டன். 100 மி.மீ. சதுரம் (நான்கு பக்கமும் சேர்த்து 400 மி.மீ. வெட்டு), 1 மி.மீ. தடிமன் என்றால் 28,000 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 3 டன். ஒரே அடியில் எட்டு பீஸ் என்றால் 23 டன்! இது தோராயக் கணக்குதான், இதற்கு மேல் தாராளமாக இடம் விட்டே வாங்குங்கள்.

அக்ரிலிக்கை டை பக்கமே கொண்டுபோகாதீர்கள். 3 மி.மீ. ஷீட் டையில் உடையும். லேசரில் கொடுத்தால் விளிம்பு பாலிஷ் போட்டது போல வரும், சுழலும் கத்தியால் வெட்டும் ரவுட்டர் மெஷினிலும் வெட்டலாம். லேசர் நன்றாக இருக்கிறதே என்று பிவிசி ஷீட்டையும் அதில் ஏற்றிவிடாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும், அது நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.